பெரிய மூலதனத் திட்டங்களில் தரக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய ஆலை, மின் நிலையம், குழாய்ப் பாதை, கிடங்கு என்று ஒரு நிறுவனம் பெருந்தொகையை நீண்ட காலத்துக்கு முடக்கும்போது, நிதித் துறை, பொறியியல் துறை, கொள்முதல் துறை மூன்றிலிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படையானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தரம் என்றால் சந்தையில் கிடைப்பதிலேயே உயர்ந்த பொருளை வாங்குவதுதானே?

இல்லை. தேவை என்று எழுதி வைத்ததை அப்படியே நிறைவேற்றுவதுதான் தரம். கார்பன் எஃகு போதும் என்ற இடத்தில் விலையுயர்ந்த கலப்பு எஃகைப் போடுவது பண விரயம். அதே ஆலையில், அமிலம் ஓடும் பாதையில் ஒரேயொரு வளைவுத் துண்டு தவறான உலோகத்தில் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

எனவே முதல் வேலை, தேவையை அளக்கக்கூடிய சொற்களில் எழுதுவது. ஒப்பந்தத்தில் "தரமான பெயிண்ட்" என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. மேற்பரப்பை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும், எத்தனை பூச்சு, காய்ந்தபின் ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரான் தடிமன், எந்த ஈரப்பதத்துக்கு மேல் பூசக் கூடாது என்று எழுதிவிட்டால், அளவுக் கருவி வைத்திருக்கும் எவரும் சரி, சரியில்லை என்று சொல்லிவிடலாம். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

தரக் கட்டுப்பாடு, தர உறுதிப்பாடு இரண்டும் ஒன்றா?

செய்து முடித்த வேலையை அளந்து பார்ப்பது கட்டுப்பாடு. வேலை தவறாகப் போகாதபடி முறைகளை முன்கூட்டியே அமைப்பது உறுதிப்பாடு. வெல்டிங் இணைப்பை எக்ஸ்ரே எடுப்பது முதல் வகை. தேர்வு வைத்துத் தகுதி பெற்ற வெல்டர் மட்டுமே அந்த இணைப்பைத் தொடலாம் என்று விதிப்பது இரண்டாம் வகை. இரண்டும் வேண்டும்.

களத்தில் வேலை தொடங்கிய பிறகுதானே தரத்தைப் பார்க்க முடியும்? அனுமதி கட்டத்தில் அதற்கு என்ன வேலை?

அனுமதி கட்டத்தில்தான் அதிக வேலை. வரைபடம் முதிராத நிலையில் தொடங்கிய கட்டுமானத்தை எந்த ஆய்வாளரும் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் எதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதே தினமும் மாறிக்கொண்டிருக்கும்.

செலவு மதிப்பீட்டுக்கு உலக அளவில் பயன்படும் ஒரு வகைப்பாடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏஏசிஇ என்ற தொழில்முறை அமைப்பு மதிப்பீடுகளை 5 முதல் 1 வரை வகுக்கிறது. ரசாயன, எண்ணெய் ஆலைகள் போன்றவற்றுக்கான 5ஆம் வகுப்பு மதிப்பீட்டில் திட்டத்தின் வரையறை 2 சதவீதம்கூட முடிந்திருக்காது. உண்மைச் செலவு மேல்பக்கம் 30 முதல் 100 சதவீதம் வரை கூடலாம். 3ஆம் வகுப்பில் 10 முதல் 40 சதவீத வரையறை முடிந்திருக்கும். மேல்பக்க வரம்பு 10 முதல் 30 சதவீதமாகச் சுருங்கும். முழுத் தொகைக்கான ஒப்புதலைப் பொதுவாக 3ஆம் வகுப்பில் கேட்பதே முறை. 5ஆம் வகுப்பு எண்ணை வைத்து ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு அதே எண்ணுக்குள் முடிக்கச் சொன்னால், பற்றாக்குறையை ஈடுகட்ட முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத தரம்தான்.

பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் இதற்கு மறக்கக் கூடாத உதாரணம். கட்டுமானம் நடக்கும்போதே வடிவமைப்பு திரும்பத் திரும்ப மாறியது. 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்த நிலையத்தை, தீத்தடுப்பு ஏற்பாடு சரியாக இயங்கவில்லை என்பதால், சில வாரங்களுக்கு முன் தள்ளிவைத்தார்கள். அது உண்மையில் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று.

ஒப்பந்ததாரரிடம் ஐஎஸ்ஓ 9001 சான்று இருக்கிறது. அவரே சோதித்துக் கையெழுத்தும் போடுகிறார். நாங்கள் ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?

ஐஎஸ்ஓ 9001 அந்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்று. உங்கள் பம்ப் சரியாக இருக்கிறது என்பதற்கான சான்று அது அன்று.

ஒப்பந்ததாரரின் சொந்தச் சோதனை அவசியம். அதுவே முதல் வரிசை. ஆனால் காலக்கெடுவும் லாபமும் அழுத்தும் இடத்தில் அதே கை அளந்து அதே கை ஒப்புதல் தருவது பலவீனமான ஏற்பாடு. ஜப்பானின் கோபே ஸ்டீல் 2017 அக்டோபரில், தன் அலுமினியம், தாமிரப் பொருட்கள் பலவற்றின் தரவுகள் திருத்தப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. பெயர்பெற்ற நிறுவனம் என்பதால் வாங்கியவர்கள் பெரும்பாலும் காகிதத்தை நம்பினார்கள். எல்லாவற்றையும் நீங்கள் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் எப்போது எதைச் சோதிப்பீர்கள் என்று ஒப்பந்ததாரரால் முன்கூட்டி ஊகிக்க முடியாத ஒரு பங்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆய்வு மற்றும் சோதனைத் திட்டம் என்று ஒன்றைக் கேட்கிறார்கள். அதில் என்ன இருக்க வேண்டும்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் படிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் என்ன சோதனை, எந்தத் தரநிலைப்படி, ஏற்கும் அளவு என்ன, எந்தப் பதிவு மிஞ்சும், யார் பார்க்க வேண்டும் என்று நிரப்பும் அட்டவணை அது. கடைசி நெடுவரிசையான "யார் பார்க்க வேண்டும்" என்பதில்தான் உயிர் இருக்கிறது. அங்கே மூன்று நிலைகள் உண்டு. ஆவணத்தை மட்டும் பார்ப்பது ஒன்று. தகவல் தந்தபின் நீங்கள் வராவிட்டாலும் வேலை தொடரலாம் என்பது இரண்டாவது. நீங்கள் பார்த்துக் கையெழுத்திடும் வரை அடுத்த படிக்குப் போகவே முடியாது என்பது மூன்றாவது. அதைத்தான் ஹோல்ட் பாயிண்ட் என்கிறார்கள்.

ஹோல்ட் பாயிண்ட்டைக் குறைவாக வையுங்கள். வைத்ததை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக் கட்டு, மண் மூடுவதற்கு முன் புதைகுழாய், மூடி போடுவதற்கு முன் கொள்கலனின் உட்புறம் போன்ற இடங்கள், அதாவது பிறகு உடைக்காமல் பார்க்க முடியாதவை, கட்டாயம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். முந்நூறு இடத்தில் வைத்தால் உங்கள் ஆய்வாளர் எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டார். காத்திருந்து சலித்த ஒப்பந்ததாரர் தாண்டிப் போகப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம்.

இன்னொன்று: இந்தத் திட்டத்தை ஒப்பந்தத்துடன் இணைத்துக் கையெழுத்தாக்குங்கள். வேலை ஆரம்பித்த பிறகு கொடுத்தால், ஒவ்வொரு ஹோல்ட் பாயிண்ட்டுக்கும் கூடுதல் கட்டணமும் கூடுதல் நாளும் கேட்பார்கள். அப்படிக் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

எல்லாவற்றையும் 100 சதவீதம் சோதிக்கப் பணமில்லை. எதை விடலாம்?

தோற்றால் என்ன ஆகும், தோற்பதற்கு வாய்ப்பு எவ்வளவு, பிறகு கண்டுபிடிக்க முடியுமா என்ற மூன்றையும் வைத்து வகைப்படுத்துங்கள். அலுவலகக் கட்டடத்தின் கதவும் உயர் அழுத்த நீராவிக் குழாயும் ஒரே பட்டியலில் ஒரே அளவு சோதனையோடு நிற்கக் கூடாது.

மாதிரிச் சோதனை என்றால் மெத்தனம் என்று பொருளல்ல. ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதி, சாதாரணப் பயன்பாட்டு வகையில் 5 சதவீத இணைப்புகளை எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசோனிக் முறையில் பார்க்கச் சொல்கிறது. மாதிரியில் ஒன்று தவறினால், அதே வெல்டர் செய்த மேலும் இரண்டு இணைப்புகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று தவறினால், தவறிய ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு. அதிலும் தவறினால் அந்தத் தொகுதியில் உள்ள அனைத்தையும் சோதிக்க வேண்டும், அல்லது வெட்டி மாற்ற வேண்டும். இதன் அழகு, தவறின் விலை தவறியவரை நோக்கித் தானாகவே பெருகுவது. வேறு துறைகளிலும் இதே படிமுறையை ஒப்பந்தத்தில் எழுதலாம். மாதிரியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பொருளுடன் மில் சான்றிதழ் வந்துவிட்டது. அது போதாதா?

மில் சான்றிதழ் என்பது பொருளைத் தயாரித்த ஆலை தரும் சான்று. அது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 10204இன்படி 2.1 என்பது "ஆர்டர்படி இருக்கிறது" என்ற வெறும் உறுதிமொழி. சோதனை முடிவே அதில் இருக்காது. 3.1 என்பது அனுப்பிய பொருளின் சோதனை முடிவுகளுடன், உற்பத்திப் பிரிவைச் சாராத, அதே ஆலையின் ஆய்வு அதிகாரி தரும் சான்று. 3.2 என்பது வாங்குபவரின் பிரதிநிதியோ, விதிமுறைப்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளரோ சேர்ந்து கையெழுத்திடுவது. முக்கிய உதிரிகளுக்கு 3.2 கேட்பது அதிகப்படி அன்று.

சான்றிதழில் உள்ள ஹீட் எண் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்), பொருளின் மேல் பொறித்த எண்ணுடன் ஒத்துப்போக வேண்டும். கலப்பு உலோகமாக இருந்தால் கையடக்க எக்ஸ்ரே கருவியால் கலவையை நேரடியாகச் சரிபாருங்கள். ஒரு துண்டுக்குச் சில நொடிகள்தான் ஆகும். பெயர் சரியாக இருந்து வகை மாறிப்போவதும் உண்டு. பாஸ்டன் நகரின் "பிக் டிக்" சுரங்கச் சாலையில் 2006 ஜூலையில் மேற்கூரைக் கான்கிரீட் பலகைகள் விழுந்து, காரில் போன ஒருவர் இறந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் எபாக்ஸிப் பசையால் பிடிக்கப்பட்டிருந்தன. பயன்படுத்தியது விரைவாக இறுகும் வகை எபாக்ஸி. நீண்ட காலச் சுமையில் அது மெல்ல மெல்ல நெகிழும் தன்மை கொண்டது என்று விசாரணை கண்டறிந்தது. பொருத்திய நாளில் இழுத்துப் பார்க்கும் குறுகிய காலச் சோதனை அந்த நெகிழ்வைக் காட்டாது.

ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. இனி குழாயைப் பற்றிக் கவலை இல்லையே?

அன்று, அந்த அழுத்தத்தில், கசியவில்லை என்பது மட்டும் உறுதி. பி31.3இன்படி குழாயில் தண்ணீரை நிரப்பி, பொதுவாக வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் 1.5 மடங்கில் செய்யும் இந்தச் சோதனை, உலோகம் மாறிப்போனதையோ, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் அரிப்பையோ காட்டாது. எபாக்ஸி பற்றி மேலே சொன்னதும் இதே பாடம்தான்.

சோதனையே சேதம் செய்யவும் முடியும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் குளோரைடு அதிகமுள்ள தண்ணீரை நிரப்பி, சோதனைக்குப் பிறகு வடிக்காமல் மாதக்கணக்கில் விட்டால், இயங்கத் தொடங்கும் முன்பே உள்ளே குழி விழுந்துவிடும். தண்ணீரின் தரம், வடித்து உலர்த்த வேண்டிய காலம் இரண்டையும் ஆய்வுத் திட்டத்தில் தனி வரியாக எழுதுங்கள்.

இயந்திரங்கள் நல்ல நிலையில்தான் வந்தன. களத்தில் பல மாதம் கிடந்த பிறகு ஓட்டினால் கோளாறு. இது யார் பொறுப்பு?

ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யார் பொறுப்பும் இல்லை, அதுதான் பிரச்சினை. சுழலும் இயந்திரங்களின் தண்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் திருப்பிவிட வேண்டும். மோட்டார்களின் சூடேற்றிக்கு மின்சாரம் கொடுத்து வைக்க வேண்டும். மூடிய கொள்கலன்களில் நைட்ரஜன் நிரப்பியோ ஈரம் உறிஞ்சும் பைகள் வைத்தோ காக்க வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பராமரிப்பு அட்டையைத் தொங்கவிட்டு, தேதியும் கையெழுத்தும் கேளுங்கள். கொள்முதல் துறை முன்கூட்டியே இயந்திரங்களை வரவழைத்துப் பெருமைப்படும் திட்டங்களில் இது அதிகம் நடக்கிறது.

கான்கிரீட்டின் 28 நாள் வலிமைச் சோதனை முடிவு வருவதற்குள் மேல் தளம் போட்டுவிடுகிறார்கள். முடிவு குறைவாக வந்தால் என்ன செய்வது?

28 நாள் காத்திருந்து கட்ட யாராலும் முடியாது. அதனால்தான் 7 நாள் முடிவை எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்த வேண்டும். சாதாரண சிமெண்டில் 7 நாளில் இறுதி வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றே அடுத்த கலவையை நிறுத்தி, தண்ணீர் அளவையும் சிமெண்டையும் பாருங்கள்.

28 நாள் முடிவும் தவறினால் உடனே உடைக்க வேண்டாம். மாதிரிக் கட்டிகளைத் தவறாகச் செய்து, தவறாகப் பராமரித்தும் இருக்கலாம். கட்டடத்திலிருந்தே உருளைத் துண்டுகளைக் குடைந்தெடுத்துச் சோதிப்பார்கள். அமெரிக்க ஏசிஐ 318 விதிப்படி மூன்று துண்டுகளின் சராசரி குறித்த வலிமையில் 85 சதவீதமாவது இருந்து, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் ஏற்கலாம். இதிலும் தவறினால் வடிவமைப்பாளர் மட்டுமே முடிவு சொல்ல வேண்டும்.

இணக்கமின்மை அறிக்கை (தேவைப்படி அமையாத வேலையைப் பதிவு செய்யும் படிவம்) எழுதினால் ஒப்பந்ததாரருடன் உறவு கெடுகிறது. பேசித் தீர்த்துக்கொள்ளலாமே?

பேசுங்கள், ஆனால் எழுதிவிட்டுப் பேசுங்கள். எழுதாமல் தீர்த்த குறை, அடுத்த மாதம் வேறொரு குழுவிடம் அதே வடிவில் திரும்பி வரும். அப்போது அது முதல் தடவை போலவே தோன்றும்.

ஒரு குறைக்கு நான்கு முடிவுகள் உண்டு: தேவைப்படி மறுபடி செய்வது, பழுதுபார்ப்பது, அப்படியே ஏற்பது, நிராகரிப்பது. இவற்றில் "அப்படியே ஏற்பது" மட்டும் வடிவமைப்புக்குப் பொறுப்பானவரின் கையெழுத்தோடு நடக்க வேண்டும். திட்ட மேலாளர் அதில் கையெழுத்திடக் கூடாது. அறிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதை யாருக்கும் இலக்காக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் குறைகள் குறையாது, அறிக்கைகள்தான் குறையும்.

எங்கள் தர மேலாளர் திட்ட மேலாளருக்குக் கீழே இருக்கிறார். அதில் என்ன தவறு?

காலக்கெடுவுக்கும் செலவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர், வேலையை நிறுத்தச் சொல்பவரின் ஊக்கத்தொகையையும் பதவி உயர்வையும் முடிவு செய்கிறார் என்பதுதான் தவறு. திட்ட மேலாளர் நேர்மையானவராக இருந்தாலும் இந்த ஏற்பாடு அவரைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. தர மேலாளர் அன்றாட வேலைக்குத் திட்டத்தோடு இருக்கட்டும்; ஆனால் அவரது மதிப்பீடும் மேல்முறையீடும் திட்டத்துக்கு வெளியே, தலைமைப் பொறியாளரிடமோ இயக்குநர் குழுவின் ஒரு உறுப்பினரிடமோ போக வேண்டும்.

நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். கொடுத்தபின் அவர் முதன்முறையாக நிறுத்தும் நாளில் தலைமை அதிகாரி என்ன செய்கிறார் என்பதைக் களம் முழுவதும் கவனிக்கும். அன்று அவரை ஆதரித்தால், அடுத்தடுத்த ஹோல்ட் பாயிண்ட்டுகளை யாரும் தாண்டத் துணிய மாட்டார்கள். கைவிட்டால், மீதமுள்ள திட்டம் முழுவதும் காகித வேலைதான். என்னைப் பொறுத்தவரை, இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாமே இந்த ஒரு அதிகாரத்தைச் சார்ந்தவை.

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் தயாராகும் கருவியை எப்படிக் கண்காணிப்பது? கடைசியில் ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதுமா?

போதாது. தொழிற்சாலை ஏற்புச் சோதனையின்போது கருவி பளபளப்பாக நிற்கும். உள்ளே வார்த்ததும் அடித்ததும் எப்போதோ முடிந்திருக்கும். பெரிய உதிரிகளை உங்கள் விற்பனையாளர் வேறொருவரிடம் வாங்குகிறார், அவர் இன்னொருவரிடம். ஆய்வு உரிமை அந்தச் சங்கிலி முழுவதும் செல்லும் என்று கொள்முதல் ஆணையில் எழுதுங்கள்.

பிரான்ஸின் ஃபிளமான்வில் 3 அணு உலையின் அழுத்தக் கலனில், உருக்கித் தட்டிய எஃகின் சில பகுதிகளில் கார்பன் அளவு மிக அதிகம் என்பது 2015இல் வெளியானது. கலன் அப்போதே உலைக்குள் பொருத்தப்பட்டிருந்தது. அந்த உதிரிகளைச் செய்த ஆலையின் பழைய உற்பத்தி ஆவணங்களில் முறைகேடுகள் இருந்தது 2016இல் தெரியவந்தது. 2007இல் கட்டத் தொடங்கி 2012இல் முடிப்பதாக இருந்த உலை, வெல்டிங் குறைகள் உள்ளிட்ட பல காரணங்களால் தள்ளிப்போய், 2024 டிசம்பரில்தான் மின் தொகுப்புடன் இணைந்தது.

வேலை மூடப்பட்டுவிட்டது, ஆய்வுப் பதிவு இல்லை. ஒப்பந்ததாரர் பின்தேதியிட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பின்தேதியிட்ட பதிவு, இல்லாத பதிவைவிட மோசம். அது மற்ற எல்லாப் பதிவுகளின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும். "பதிவு இல்லை" என்றே எழுதி, இணக்கமின்மை அறிக்கையாகத் திறவுங்கள். பிறகு உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியைத் தேடுங்கள்: சில இடங்களைத் திறந்து பார்ப்பது, அல்ட்ராசோனிக், ரேடார் சோதனைகள், சுமைச் சோதனை.

ஹாங்காங்கின் ஹங் ஹோம் ரயில் நிலைய விரிவாக்கத்தில், கம்பிகளின் மரை முனைகள் வெட்டப்பட்டு, இணைப்பிகளில் முழுதாகத் திருகப்படவில்லை என்ற குற்றச்சாட்டு 2018இல் வெளிவந்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. கான்கிரீட்டைத் திறந்து, கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அல்ட்ராசோனிக் கருவியால் அளக்க வேண்டியிருந்தது. விசாரணை விரிந்தபோது பக்கத்துப் பகுதிகளின் ஆய்வுப் படிவங்கள் காணாமல் போயிருந்ததும் தெரிந்தது. கம்பி கட்டிய அன்றே புகைப்படமும் கையெழுத்தும் முறையாக எடுத்து வைத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

பில் கொடுப்பதைத் தரத்துடன் எப்படி இணைப்பது?

முன்னேற்றத்தை அளக்கும்போது ஆவணத்தையும் வேலையின் பகுதியாகக் கணக்கிடுங்கள். குழாய் பொருத்தியதற்கு முழுத் தொகையும் கொடுத்துவிட்டுப் பிறகு சோதனைப் பதிவைக் கேட்டால் வராது. ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைக்கும் தொகை இதற்கு உதவும். ஆனால் அது இறுதிப் பாதுகாப்பு மட்டுமே. திறந்த இணக்கமின்மை அறிக்கை உள்ள பகுதிக்கு அந்தப் பங்கை மட்டும் நிறுத்துங்கள். முழுப் பில்லையும் முடக்கினால் ஒப்பந்ததாரரிடம் பணமின்றி ஆட்கள் போய்விடுவார்கள். அப்போது தரம் இன்னும் கெடும்.

மறுவேலைக்கு ஆன செலவையும் சொத்தின் மதிப்பில் சேர்த்துவிடலாம்தானே? நிதித் துறை அப்படித்தான் செய்கிறது.

கவனம் தேவை. சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 16, நிறுவனம் தானே உருவாக்கும் சொத்தில் வழக்கத்துக்கு மீறி வீணான பொருள், உழைப்பு ஆகியவற்றின் செலவைச் சொத்தின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அது அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். சோதனை ஓட்டத்தில் உற்பத்தியான பொருளை விற்று வரும் பணத்தைச் சொத்தின் விலையில் கழித்துக்கொள்ளும் பழைய வழக்கமும் 2022 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது.

இதில் தரத்துறைக்கு ஒரு நன்மை இருக்கிறது. மறுவேலைக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வைத்தால் தவறின் விலை முதன்முறையாக எண்ணாகத் தெரியும். தெரிந்தால் பேச்சு மாறும்.

ஒப்பந்ததாரர் "98 சதவீதம் முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

சதவீதத்தைப் பார்க்காமல் குறைப் பட்டியலைப் பாருங்கள். முடிக்காமல் இயக்கவே முடியாதவை, இயக்கத் தொடங்கியபின் முடிக்கலாம் என்பவை, அழகு சார்ந்தவை என்று பிரித்து, முதல் வகையில் ஒன்று மிச்சமிருந்தாலும் ஏற்காதீர்கள். பெர்லின் நிலையத்தை மேலே சொன்னேன். அங்கே மிச்சமிருந்தது தீத்தடுப்பு. சிறியதாகச் சொல்லப்படும் கடைசி 2 சதவீதத்தில்தான் பெரும்பாலும் பாதுகாப்புப் பூட்டுகளும் அலாரங்களும் இருக்கும்.

ஏற்ற நாளிலிருந்து குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓடத் தொடங்கும். பொதுவாக 12 அல்லது 24 மாதம். இயக்காமல் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் காலம் இயக்கத் தொடங்கும் நாளிலிருந்து கணக்காகும்படி முன்பே பேசிவிடுங்கள்.

இயக்குநர் குழுவுக்கு மாதந்தோறும் தரம் பற்றி என்ன சொல்வது? பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு போதாதா?

விளக்கு போதாது, பச்சை என்பது யாருடைய தீர்ப்பு என்று தெரியாது. திறந்திருக்கும் இணக்கமின்மை அறிக்கைகளை வயதோடு காட்டுங்கள். தொண்ணூறு நாளைத் தாண்டியவை தனியாகத் தெரிய வேண்டும். "அப்படியே ஏற்ற" முடிவுகள் எத்தனை, யார் கையெழுத்திட்டார்கள் என்று சொல்லுங்கள். முதல்முறைச் சோதனையில் தேறிய வெல்டிங்கின் விகிதத்தையும், மறுவேலைக் கணக்குத் தலைப்பில் அந்த மாதம் சேர்ந்த தொகையையும் கொடுங்கள். ஹோல்ட் பாயிண்ட் ஒன்றாவது கையெழுத்தில்லாமல் தாண்டப்பட்டிருந்தால், அது அறிக்கையின் முதல் வரியில், எந்த வேலை, யார் அனுமதித்தார் என்பதுடன் வர வேண்டும்.